அச்சுக்கூடத்தில் விற்ற சொறிக் களிம்பு

1731ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று ஃபிலடெல்ஃபியாவில் வெளிவந்த 'பென்சில்வேனியா கெஜட்' இதழில் ஒரு விளம்பரம் இருக்கிறது. ஹை ஸ்ட்ரீட்டின் மேல் கோடியில் இருந்த விதவை ரீட் அம்மாள், சந்தைக்கு அருகிலுள்ள புதிய அச்சுக்கூடத்துக்குக் குடிமாறி வந்துவிட்டதாகவும், பல ஆண்டுகளாக ஊரிலும் சுற்றுப்புறத்திலும் ஏராளமானோரைக் குணப்படுத்திய தமது சொறிக் களிம்பை அங்கேயும் தொடர்ந்து செய்து விற்பதாகவும் அது அறிவிக்கிறது. களிம்பு தவறாமல் விரைவில் குணமளிக்கும். ஒன்றிரண்டு முறை பூசினாலே எல்லா வகைப் பேன்களையும் கொன்றுவிடும் அல்லது விரட்டிவிடும். கெட்ட நாற்றம் கிடையாது, மணமாகவே இருக்கும். பால்குடிக் குழந்தைக்கும் அச்சமின்றிப் பூசலாம். ஓர் அவுன்ஸ் அடங்கிய மண் சிமிழின் விலை 2 ஷில்லிங். தீக்காயத்துக்கும் சுடுநீர்ப் புண்ணுக்குமான குடும்பக் களிம்பு அவுன்ஸ் 1 ஷில்லிங். கடைசி வரியில், ஒட்டுச் சேதி போல, லாக்கியர் மாத்திரை ஒன்றுக்கு 3 பென்ஸ் என்று முடிகிறது.

பழைய பத்திரிகைகளின் படப்பதிவுகளைப் படிக்க உட்கார்ந்தால் செய்திகளைத் தாண்டிக்கொண்டு விளம்பரங்களுக்குப் போய்விடுவது என் வழக்கம். அதற்குக் காரணம் என் தாத்தாவின் மளிகைக் கடை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கடையில் புளியும் மிளகாயும் இருந்த வரிசைக்கு மேல் தட்டில் சுக்கு, அரிசித்திப்பிலி, வசம்பு, கடுக்காய் இருக்கும். அதற்கும் மேலே பல்பொடி, தைலப் புட்டி, சிரங்குக் களிம்பு, சலவைச் சோப்பு, விளக்குத் திரி என்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். எது சாமான், எது மருந்து என்று பிரித்துச் சொல்ல அந்தக் கடையில் யாருக்கும் தோன்றியதில்லை. ரீட் அம்மாளின் விளம்பரத்தைப் படித்தபோது எனக்கு முதலில் அந்தத் தட்டுகள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் ஒரு வேறுபாடு உறுத்தியது. இவர் விற்றது மளிகைக் கடையில் அன்று, அச்சுக்கூடத்தில். களிம்புக்கும் அச்சுக்கும் என்ன உறவு என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில மாதங்கள் படித்ததன் விளைவே இந்தப் பதிவு.

சாரா ரீட் அம்மாளின் கணவர் ஜான் ரீட் ஒரு தச்சர். அவர் 1724இல் கடனோடு இறந்து போனார். அதற்கு ஓராண்டு முன்பு, 1723 அக்டோபரில், பாஸ்டனில் தன் அண்ணனின் அச்சுக்கூடத்திலிருந்து ஓடிவந்த ஒரு பதினேழு வயதுப் பையன், மூன்று பென்ஸுக்கு வாங்கிய மூன்று பெரிய ரொட்டிகளில் இரண்டை அக்குள்களில் இடுக்கிக்கொண்டு ஒன்றைத் தின்றபடி இதே வீட்டு வாசலைக் கடந்து போனான். வாசலில் நின்ற அந்த வீட்டு மகள் டெபோரா அதைப் பார்த்துச் சிரித்தாள். பின்னர் அவன் அதே வீட்டில் வாடகைக்குத் தங்கினான். அந்தப் பையன்தான் பெஞ்சமின் பிராங்க்ளின். இடையில் அவர் லண்டன் போனதும், டெபோரா வேறொருவருக்கு வாழ்க்கைப்பட்டு அந்தக் கணவர் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஓடிப்போனதும் தனிக் கதை. 1729இல் பிராங்க்ளின் 'கெஜட்' இதழை வாங்கினார். 1730 செப்டம்பரில் டெபோராவும் அவரும் கணவன் மனைவியாக வாழத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மாமியாரும் மருமகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆக, மேலே சொன்ன விளம்பரம் மாமியாரின் சரக்குக்காக மருமகன் தன் சொந்தப் பத்திரிகையில் கோத்த எழுத்து. நம் ஊரில் மருமகன் அச்சகம் வைத்திருந்து மாமியார் ஊறுகாய் போட்டால் என்ன நடக்குமோ, அதுதான் அங்கேயும் நடந்தது.

சொறி என்பது அக்காலத்தில் சின்ன விஷயம் இல்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்களில் வாரக்கணக்கில் நெருக்கியடித்துப் படுத்து வந்தவர்கள், கரையிறங்கியபின் ஒரே கட்டிலை இருவர் மூவராகப் பகிர்ந்துகொண்ட வேலையாட்கள், ஒரே போர்வைக்குள் உறங்கிய குழந்தைகள் என்று அது தாவிப் பரவ வழிகள் ஏராளம். தோலுக்குள் வளை தோண்டும் மிகச்சிறிய உயிரிதான் காரணம் என்பதை இத்தாலிய மருத்துவர் பொனோமோ 1687இலேயே உருப்பெருக்கியில் பார்த்து எழுதிவிட்டார். ஆனாலும் மருத்துவர்களில் பெரும்பாலோர் இரத்தத்தின் கெடுதியே சொறிக்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டு வைத்தியம் அவர்களுக்கு முன்னே போயிருந்தது. பன்றிக் கொழுப்பில் கந்தகத்தைக் குழைத்துப் பூசுவது அன்றைய பொதுவான முறை, அது பலனும் தந்தது. அதன் குறை நாற்றம். இன்னொரு முறை பாதரசக் களிம்பு. அதன் குறை நஞ்சு. இவற்றை மனத்தில் வைத்து விளம்பரத்தைத் திரும்பப் படித்தால், "கெட்ட நாற்றம் கிடையாது" என்பதும் "பால்குடிக் குழந்தைக்கும் அச்சமில்லை" என்பதும் வெறும் புகழ்ச்சியாகத் தோன்றவில்லை. வாங்க வருபவள் வாய்விட்டுக் கேட்கப் போகும் இரண்டு கேள்விகளுக்கு முன்கூட்டியே சொன்ன பதிலாகத் தோன்றுகிறது. அந்தக் கேள்விகளைப் பல ஆண்டுகள் நேரில் கேட்டுப் பழகிய ஒரு பெண்மணி சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாசகம் அது என்பது என் ஊகம்.

லாக்கியர் மாத்திரை வேறு சாதி. லயனல் லாக்கியர் லண்டனில் 1672இலேயே இறந்துவிட்டவர். சூரியக் கதிர்களிலிருந்து எடுத்த மாத்திரை என்று சொல்லி விற்று, சதர்க் தேவாலயத்தில் கம்பீரமான கல்லறை அமையும் அளவுக்குப் பணம் சேர்த்தவர். அந்தக் கல்லறையின் செய்யுளே அவருடைய மாத்திரைகளின் புகழ் அழியாது என்று விளம்பரம் செய்கிறது. அவர் இறந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், ஒரு மாத்திரைக்கு 3 பென்ஸ் கொடுத்து மக்கள் வாங்கினார்கள். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங் என்பதால், ரீட் அம்மாளின் ஒரு சிமிழ்க் களிம்பின் விலைக்கு எட்டு மாத்திரை வரும். பக்கத்துத் தெருவில் முகம் தெரிந்த ஒருவர் அடுப்பில் காய்ச்சிய மருந்தும், முகமே தெரியாத ஒரு செத்த மனிதரின் பெயரைத் தாங்கிய மருந்தும் ஒரே கல்லாவில், ஒரே விளம்பரத்தில், இடைவெளியின்றி நிற்பதுதான் அந்தக் காலத்து ஊர்களின் மருந்து வணிகத்தை எனக்கு விளங்கவைத்த இடம்.

அச்சுக்கூடத்துக்கு மருந்து எப்படி வந்தது என்பதற்கு விடை பிராங்க்ளினுக்கும் முன்னால் தொடங்குகிறது. 1708 அக்டோபர் 4 அன்று 'பாஸ்டன் நியூஸ்-லெட்டர்' இதழில் நிக்கலஸ் பூன் என்பவர் டாஃபி எலிக்ஸிர் அரை பைண்ட் புட்டி 4 ஷில்லிங் 6 பென்ஸ் என்று விளம்பரம் கொடுத்தார்; பெயர் பெற்ற லண்டன் மருந்துகளுக்கு அமெரிக்கப் பத்திரிகையில் வந்த முதல் விளம்பரமாக இதைத்தான் கருதுகிறார்கள். பூன் மருத்துவரும் இல்லை, மருந்து வணிகரும் இல்லை. பைபிள் அடையாளப் பலகை தொங்கிய புத்தகக் கடைக்காரர். நியூயார்க்கில் பேட்மேன் என்பவரின் நெஞ்சுச் சொட்டு மருந்தைப் புகழும் சிறுநூல் ஒன்றை 1731இல் அச்சிட்டவர், பிற்காலத்தில் பத்திரிகைச் சுதந்திர வழக்கால் பெயர் பெற்ற ஜான் பீட்டர் செங்கர். ஜெர்மன்டவுனில் ஜெர்மன் மொழிப் பத்திரிகை நடத்திய கிறிஸ்டோபர் சவர் கடிகாரம் பழுது பார்ப்பார், மருந்தும் விற்பார். அவர் மகன் தன் பஞ்சாங்கத்தில் மூலிகை நூலொன்றை 1762 முதல் ஆண்டுதோறும் தொடராக வெளியிட்டார்.

இதன் காரணம் எளிமையானது. இங்கிலாந்திலேயே இந்த மருந்துகளை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் புத்தக வியாபாரிகள். புத்தகப் பெட்டி வரும் கப்பலிலேயே மருந்துப் பெட்டியும் வரும். இரண்டுமே இடம் குறைவாக அடைத்து விலை அதிகம் பெறும் சரக்குகள், இரண்டும் கெடாமல் அலமாரியில் காத்திருக்கும். பத்திரிகை கையில் இருப்பவருக்கு விளம்பரச் செலவு இல்லை. சந்தைக்கு வரும் உழவரும், கடிதம் வந்திருக்கிறதா என்று கேட்கவரும் கப்பல்காரரும் அச்சுக்கூடத்துக்குள் நுழையாமல் போவதில்லை. 1737இல் பிராங்க்ளின் ஃபிலடெல்ஃபியாவின் அஞ்சல் அதிகாரியாகவும் ஆனபின் ஊரே அந்த வாசலில் வந்து நின்றது. முறையான மருந்துக் கடைகளும் ஊரில் இருந்தன. ஆனால் மருந்துக்கென்றே ஒரு கடைக்குப் போவதற்கு நோய் முற்றியிருக்க வேண்டும். பஞ்சாங்கம் வாங்கப் போன இடத்தில் ஒரு சிமிழ் களிம்பும் வாங்கிவர அரிப்பே போதும்.

அந்தக் கல்லாவில் டெபோரா உட்கார்ந்திருந்தாள். பிரசுரங்களை மடித்தாள், தைத்தாள், கடையைப் பார்த்துக்கொண்டாள், காகித ஆலைகளுக்காகக் கந்தல் துணி வாங்கினாள் என்று பிராங்க்ளின் தன் வரலாற்றில் நன்றியோடு சொல்கிறார். 1735 முதல் 1739 வரையிலான கடைக் கணக்கேட்டில் அவள் கையெழுத்தில் பதிவுகள் இருக்கின்றன. பைபிள், பள்ளிக்கூடப் பாடநூல், பலகை, இறகுப் பேனா, மைப்பொடி, அரக்கு, மூக்குக்கண்ணாடி, காப்பிக்கொட்டை, சாக்லேட், வாத்து இறகு, அச்சுமைக்கும் சாயத்துக்குமான விளக்குப் புகைக்கரி என்று வெவ்வேறு ஆண்டுகளின் விளம்பரங்களில் தென்படும் சாமான்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் தாத்தாவின் கடை எனக்கு நெருங்கி வருகிறது.

அந்த விளம்பரங்களில் என் மனம் நின்ற பண்டம் கிரீடச் சோப்பு. பிராங்க்ளினின் தந்தை ஜோசையா பாஸ்டனில் மெழுகுவத்தி வார்த்துச் சோப்புக் காய்ச்சியவர். பெஞ்சமினைப் பத்து வயதில் அந்தத் தொழிலில்தான் உட்கார வைத்தார். கொழுப்பின் நாற்றம் பையனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன்மார் ஜானும் பீட்டரும் அந்தத் தொழிலைக் கைவிடவில்லை. மாட்டுக் கொழுப்புச் சோப்பை விட நயமான, மிர்ட்டில் புதர்க் காய்களில் எடுக்கும் பச்சைநிற மெழுகைக் கொண்டு காய்ச்சிய, கிரீட முத்திரை குத்திய கட்டிச் சோப்பு அது. அண்ணன்மார் அனுப்புவார்கள், தம்பி விற்பார். மெல்லிய லினன், மஸ்லின், சரிகை, சீட்டி ஆகியவற்றை எளிதில் வெளுக்கும் என்றும், துணி உடுத்துவதால் கிழிவதை விட மட்டமான சோப்பைப் போட்டு வண்ணாத்தி நெடுநேரம் கசக்குவதால் கிழிவதே அதிகம் என்றும் 'கெஜட்' விளம்பரம் வாதாடியது. சோப்பின் பெயர் பரவியதும் போலிகளும் கிளம்பின. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. குடும்பத்தின் காய்ச்சும் பக்குவத்தை இறுதிவரை கைவிடாமல் வைத்திருந்தவள் கடைக்குட்டித் தங்கை ஜேன். அரை நூற்றாண்டு கழித்து அண்ணன் பாரிஸில் தூதராக இருந்தபோது, நண்பர்களுக்குப் பரிசளிக்க அவள் கையால் காய்ச்சிய சோப்பைத்தான் கேட்டு வாங்கினார்.

விளம்பரத்தில் சீட்டி என்ற சொல்லைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே சென்னை வரையிலும் அதற்கு அப்பாலும் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிக்குப் பெயர் அது. இங்கிலாந்தின் நெசவாளர்கள் போட்ட கூச்சலால் 1721இல் இயற்றிய சட்டம் அந்த நாட்டில் இத்துணியை உடுத்துவதையே தடை செய்தது. ஆனால் லண்டனுக்குக் கொண்டுவந்து அங்கிருந்து குடியேற்ற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கவில்லை. லண்டன் பெண்மணி உடுத்தக் கூடாத துணியைப் ஃபிலடெல்ஃபியாப் பெண்மணி உடுத்தினாள், அழுக்கானபோது கிரீடச் சோப்பால் துவைத்தாள். சாயம் மங்காத அந்தத் துணிக்கு முரட்டுச் சோப்பு ஆகாது என்ற கவலை, அதை வரைந்த கைகளுக்குத் தெரியாமலே, கடல் கடந்து ஒரு சோப்புக்குச் சந்தையை ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. துவைத்துத் துவைத்துக் கிழிந்த லினன் கந்தலாகி டெபோராவின் கல்லாவுக்கே திரும்பி வரும். அவள் அதைக் காசு கொடுத்து வாங்கிக் காகித ஆலைக்கு அனுப்புவாள். ஆலை அதைக் காகிதமாக்கித் தரும். அந்தக் காகிதத்தில் அடுத்த சோப்பு விளம்பரம் அச்சாகும்.

வீட்டுச் சாமான்கள் எப்படிப் படியேறின என்பதற்கும் இந்த வீடே சாட்சி. நெடுங்காலம் பிராங்க்ளினின் காலை உணவு ரொட்டியும் பாலும். இரண்டு பென்ஸ் மண் கிண்ணமும் ஈயக் கலப்பு உலோகக் கரண்டியும்தான் பாத்திரம். ஒருநாள் காலையில் சீனக் கிண்ணமும் வெள்ளிக் கரண்டியும் வந்து நின்றன. டெபோரா அவரிடம் சொல்லாமல் 23 ஷில்லிங் கொடுத்து வாங்கியிருந்தாள். அண்டை வீட்டுக்காரர்களுக்கு இருக்கும் தகுதி தன் கணவனுக்கும் உண்டு என்பதைத் தவிர அவள் வேறு காரணம் சொல்லவில்லை. இதை ஆடம்பரம் வீட்டுக்குள் நுழைந்த கதையாகச் சற்றுக் கிண்டலோடு எழுதும் பிராங்க்ளினுக்கு, அந்த 23 ஷில்லிங் அவள் உட்கார்ந்த கல்லாவிலிருந்து வந்த பணம் என்பது தோன்றவில்லை போலும். கிட்டத்தட்ட பன்னிரண்டு சிமிழ் சொறிக் களிம்பின் விலை அது.

இதே பத்திரிகையின் இதே விளம்பரப் பத்திகளில், சமைக்கவும் துவைக்கவும் தெரிந்த நீக்ரோப் பெண் விற்பனைக்கு, அச்சகத்தாரிடம் விசாரிக்கவும் என்ற வரிகளும் உண்டு. சோப்பையும் காப்பியையும் பற்றி ரசித்து எழுதிக்கொண்டு வரும்போது அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிட முடியாது. அச்சகத்தாரிடம் விசாரிக்கவும் என்ற சொற்கள் வாத்து இறகுக்கும் மனுஷிக்கும் ஒன்றாகவே பயன்பட்டன. பிற்காலத்தில் பிராங்க்ளின் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தார் என்பது உண்மை. அந்தப் பத்திகளில் கிடைத்த கூலியும் கல்லாவில்தான் விழுந்தது என்பதும் உண்மை.

இனிக் கடல் கடந்து வந்த மருந்துப் புட்டிகளுக்கு வருகிறேன். டாஃபி எலிக்ஸிர் என்பது நிலாவாரை, சோம்பு போன்றவற்றைச் சாராயத்தில் ஊறவைத்த பேதி மருந்து. ஆண்டர்சன் மாத்திரையில் கரியபோளம் உண்டு. டர்லிங்டன் பால்சத்துக்கு ஆதாரச் சரக்கு நம் வீடுகளில் புகைபோடும் சாம்பிராணி வகை. காட்ஃபிரே கார்டியல் என்ற பாகில் அபினி இருந்தது. அழும் குழந்தைக்கு அதைப் புகட்டித் தூங்கவைத்தார்கள், சில குழந்தைகள் எழவே இல்லை. முதல் மூன்றின் சரக்குப் பட்டியலை என் தாத்தாவிடம் கொடுத்திருந்தால் எழுந்து போய் டப்பாக்களைத் திறந்திருப்பார். மருந்தில் மறைபொருள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிறகு எதற்காகக் கடல் கடந்து விலை கொடுத்தார்கள்?

ராபர்ட் டர்லிங்டன் இதற்குப் பதில் தெரிந்தவர். 1744இல் அவர் அரசரிடம் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையைப் பெற மருந்து குணமாக்கும் என்று நிறுவத் தேவையில்லை; புதியது என்று விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் போதும். போலிகள் பெருகியதும், 1754இல் பேரிக்காய் போல வளைந்த ஒரு தனிவடிவக் கண்ணாடிப் புட்டியை வார்க்கச் செய்து, அரசரின் காப்புரிமை பெற்றது என்ற வாசகத்தையும் தன் பெயரையும் தேதியையும் கண்ணாடியிலேயே அச்சு எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இருட்டில் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் புட்டி அது. அதன் பயன் அவர் எதிர்பாராத பக்கமாகப் போயிற்று. மக்கள் நம்பியது புட்டியை என்று தெரிந்ததும், அமெரிக்க மருந்து வணிகர்கள் காலிப் புட்டிகளை வாங்கி உள்ளூரில் கலந்த மருந்தை நிரப்பத் தொடங்கினார்கள். சேலம் என்ற மாசசூசெட்ஸ் ஊரில் ஜோனதன் வால்டோ என்ற மருந்து வணிகர், லண்டன் டர்லிங்டனையும் தான் கலந்த டர்லிங்டனையும் கணக்கில் தனித்தனியாக எழுதி, தன் சரக்கைப் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றார். அமெரிக்க விடுதலைப் போரால் கப்பல்கள் நின்றபோதும் டாஃபியும் டர்லிங்டனும் கடைகளிலிருந்து மறையவில்லை என்றால் இந்தப் பழக்கமே காரணம்.

1824இல் ஃபிலடெல்ஃபியா மருந்தியல் கல்லூரி இப்படிப்பட்ட எட்டுப் பழைய லண்டன் மருந்துகளின் செய்முறைகளைச் சேகரித்துப் பார்த்தது. ஒரே பெயரில் விற்ற பேட்மேன் சொட்டில் ஒரு கடைக்கும் மறு கடைக்கும் அபினியின் அளவு பல மடங்கு வேறுபட்டிருந்தது. கல்லூரிக்காரர்கள் மருந்தை ஒழிக்க முனையவில்லை. கேட்டு வருபவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பெயரையும் புட்டியையும் அப்படியே விட்டுவிட்டு, உள்ளே போடும் சரக்கின் அளவை ஒரே சீராக்கிப் பன்னிரண்டு பக்கச் சிறுநூலாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் மிகுந்த மரியாதை.

புட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்குப் புத்தகமே மருந்தாக விற்றது. வர்ஜீனியாவில் ஜான் டெனன்ட் என்ற மருத்துவர் ஏழைக் குடியானவனுக்காக எழுதி 1734இல் வில்லியம்ஸ்பர்க்கில் வெளிவந்த கைநூலை அதே ஆண்டே பிராங்க்ளின் மறுபதிப்புச் செய்தார். தோட்டத்திலும் காட்டிலும் கிடைக்கும் இலை, வேர்களைக் கொண்டு நோய் தீர்க்கச் சொல்லும் நூல் அது. டெனன்ட் பெரிதும் கொண்டாடிய செனெகா வேர், பாம்புக்கடிக்கு அந்த மண்ணின் செனெகா பழங்குடியினர் பயன்படுத்தியது. 1748இல் பிராங்க்ளின் ஒரு லண்டன் கணக்கு நூலை அமெரிக்கக் குடும்பங்களுக்கேற்பத் திருத்தி வெளியிட்டபோது, எழுத்து, கூட்டல் கழித்தல், கடிதம் எழுதும் முறை, மரம் அளக்கும் முறை ஆகியவற்றோடு இந்த வைத்தியத்தையும் சேர்த்துக் கட்டினார். மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கான மூலிகைக் குறிப்பும் அதில் ஒளிவுமறைவின்றி இருக்கிறது.

அறையில் குளிர்காய அவர் விற்ற இரும்பு அடுப்பைக்கூட நான் மருந்துக் கணக்கில்தான் சேர்ப்பேன். 1744இல் அதற்காக எழுதிய பிரசுரத்தில், பழைய திறந்த அடுப்புக்கு முன் முகம் வேக, முதுகு விறைக்க உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குச் சளி பிடித்துத் தாடையிலும் ஈறிலும் இறங்கி இளமையிலேயே பல் போய்விடுகிறது என்று வாதிடுகிறார். மாமியாரின் களிம்பு விளம்பரத்தில் இருந்த அதே உத்தி: வீட்டில் இருப்பவளின் தொல்லையைச் சொல்லிப் பொருளை விற்பது. ஆளுநர் தர முன்வந்த காப்புரிமையை மட்டும் அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவும் விற்ற வீட்டில் ஒரு மருந்து மட்டும் புட்டியில் வரவில்லை. 1721இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியபோது, அம்மைப் பாலை எடுத்து நல்ல உடம்பில் கீறி வைக்கும் முறையைப் பாதிரியார் காட்டன் மாதர் பரிந்துரைத்தார். அதை அவருக்கு முதலில் சொன்னவர், அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஓனெசிமஸ் என்ற ஆப்பிரிக்கர். மருத்துவர் பாய்ல்ஸ்டன் இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு அதைச் செய்தார். அதைக் கடுமையாக எதிர்த்து எழுதிய பத்திரிகை ஜேம்ஸ் பிராங்க்ளினுடையது. அங்கே தொழில் பழகிக்கொண்டிருந்த தம்பி பெஞ்சமினுக்கு அப்போது பதினைந்து வயது. வளர்ந்தபின் அவர் அந்த முறையை நம்பினார், தன் பத்திரிகையில் ஆதரித்தும் எழுதினார்.

1736 நவம்பர் 21 அன்று அவருடைய மகன் பிரான்சிஸ் நான்கு வயதில் பெரியம்மையால் இறந்து போனான். அம்மை குத்தியதால்தான் பிள்ளை செத்தான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. டிசம்பர் 30 இதழில் பிராங்க்ளின் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பையனுக்கு அம்மை குத்தப்படவில்லை. மற்றவர்களுக்கு வருவது போலவே அவனுக்கும் நோய் தொற்றியது. அவனுக்கு இருந்த வயிற்றுப்போக்கு நின்று உடம்பு தேறியதும் குத்திவிடுவது என்றுதான் எண்ணியிருந்தோம். பேச்சை நம்பி மற்றப் பெற்றோர்கள் பின்வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே அதை அச்சில் ஏற்றினார். எழுத்துக் கோத்த அறைக்கும் கல்லாவுக்கும் நடுவேதான் அந்தப் பையன் விளையாடியிருப்பான்.